பின்னால் எட்டாத கை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியது என்றால், பலகார டப்பாக்களின் மேல் ஒட்டுகிற சீட்டில் ‘நெய் லட்டு’, ‘அதிரசம்’ என்பதுதான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதப்போவது சுத்தமான விஷயம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

எனக்கு இடது தோள் இறுகிப்போனது. டாக்டர்கள் அதை ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்கிறார்கள். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு தடித்துச் சுருங்கி, கையை எந்தப் பக்கமும் போகவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அதிகம் வருமாம். நான் சர்க்கரை வியாதிக்காரன். இலுப்பூரில் ஒரு பலகாரக் கூடத்தில் லட்டு பிடிப்பது என் வேலை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதற்காகவே நான் யாரிடமும் சொல்வதில்லை.

தை மாதம், கல்யாணச் சீர் வேலை நெருக்கிப் பிடிக்கும்போதுதான் அது ஆரம்பித்தது. பூந்தி போடும்போது ஓட்டைக் கரண்டியை எண்ணெய்க்கு மேலே இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் மாவை ஊற்ற வேண்டும். ஒருநாள் கரண்டியைத் தூக்கிப் பிடிக்கும்போது தோளுக்குள் ஊசி ஏற்றியது போல இருந்தது. சுளுக்கு என்று விட்டுவிட்டேன். மாசியில் சட்டையை மாட்ட முடியவில்லை. பங்குனியில் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

என் மனைவி கைவைத்தியத்தில் இறங்கினாள். வேப்பெண்ணெய், பூண்டு, கற்பூரம் எல்லாம் சேர்த்துக் காய்ச்சித் தேய்த்தாள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவித் தோளைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பங்குனி வெயிலில் இரண்டாம் நாளே அது நாற ஆரம்பித்துவிட்டது. அந்தக் கட்டோடு வேலைக்குப் போனேன். பாகுச் சட்டிக்கு வரவேண்டிய ஈயெல்லாம் என் தோளுக்கு வந்தது.

எனக்கு அடுப்பில் நிற்கிற கூட்டாளி ஒருத்தன் உண்டு. என் வயதுதான், முறையில் மாமன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“மாப்ள, லட்டு புடிக்க வந்தியா, ஈ புடிக்க வந்தியா?”

கட்டைப் பிரித்தபோது தோல் வெந்து போயிருந்தது. தோள் அப்படியேதான் இருந்தது.

இதுவரை எழுதியதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்க முடியும். இனி எழுதப்போவதைத்தான் பல மாதம் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு காலையில் வெளிக்குப் போனவன், கழுவுவதற்காக இடது கையைப் பின்னால் கொண்டுபோனேன். போகவில்லை. இடுப்பெலும்பின் ஓரத்தோடு நின்றுவிட்டது. உடம்பை வளைத்துப் பார்த்தேன். சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக் குனிந்து பார்த்தேன். காலுக்கு நடுவில் முன்பக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தோள் பற்றி எரிந்தது, விரல் எட்டவில்லை. வெளியே மனைவி, “என்னங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?” என்று கேட்டாள். பேப்பர் கிடையாது. பீய்ச்சி அடிக்கிற குழாயும் கிடையாது. ஒரு வாளி, ஒரு மக்கு, அவ்வளவுதான். நான் வலது கையால் கழுவினேன்.

சோப்புப் போட்டேன். துணி சோப்பும் போட்டேன். சாம்பலை அள்ளித் தேய்த்தேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து நகக்கண்ணில் எல்லாம் விட்டேன். கையில் வெறும் எலுமிச்சை வாசம்தான் அடித்தது. ஆனாலும் மத்தியானம் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையப் போனபோது குடல் மேலே வந்தது. பசி இல்லை என்று எழுந்துவிட்டேன்.

நம் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: இந்தக் கை சோற்றுக்கு, அந்தக் கை அதற்கு. எப்போது படித்தோம் என்று நினைவே இருக்காது, அவ்வளவு உள்ளே போயிருக்கும். மறுநாளும் அதே கையால்தான் கழுவினேன். அதற்கு மறுநாளும். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒருமுறை பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு முயற்சி செய்தேன். பை நழுவித் தண்ணீர் உள்ளே புகுந்தது. அந்தத் தண்ணீர் விரல் இடுக்கில் ஏறியதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

வீட்டில் யாரும் இல்லாதபோது இடது கையால் சாப்பிட்டுப் பார்த்தேன். நியாயமாகப் பார்த்தால் அப்போது என் உடம்பிலேயே சுத்தமான கை அதுதான். ஆனால் மனைவி பார்த்துவிட்டாள்.

“அய்ய, பீச்சாங்கையால திங்கிறீக? கொள்ளையில போவ!”

அதிலிருந்து ஸ்பூனுக்கு மாறினேன். பழைய சோற்றையும் ஸ்பூனால் தின்றேன். “தொரை ஆயிட்டாரு எங்க வீட்டுக்காரரு” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் ஸ்பூன் இருந்தது. கூடத்தில் என்ன செய்வது? சூடான பூந்தியை அள்ளி உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருட்ட வேண்டும். யாரோ வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போகிற லட்டு. யார் யாரோ வாயில் போடுகிற லட்டு. நான் அண்டாப் பக்கம் உட்காரவே இல்லை. முந்திரி உடைத்தேன், டப்பா கட்டினேன். முதலாளி என்னைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். சில நாள் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“ஏண்ணே, நோவு எடது தோள்லதான? வலது கை நல்லாத்தான இருக்கு?”

“உக்கார முடியலங்க.”

“டப்பா கட்ட எனக்கு ஆள் கெடக்குண்ணே. லட்டுக்குத்தான் ஆள் இல்ல. பாத்துக்கங்க.”

பாத்துக்கங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கையுறை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, மெல்லிய பிளாஸ்டிக் கையுறை வாங்கி வந்தேன். “ஆபரேஷனா மாப்ள?” என்றான் கூட்டாளி. சூட்டில் அது சுருங்கிக் கையோடு ஒட்டிக்கொண்டு, விரல் நுனியில் கிழிந்தது. கிழிந்த துண்டைக் காணோம். அதைத் தேடி, பிடித்த லட்டையெல்லாம் உடைத்துப் பார்த்தோம். மஞ்சள் பூந்திக்குள் நெய் வழிய அது சுருண்டு கிடந்தது, உரித்த தோல் போல. நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

சித்திரையில் புதுக்கோட்டைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பிசியோதெரபி நிலையம். பார்க்கிற டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். உள்ளே போனதும், “சட்டையக் கழட்டுங்க ஐயா” என்றது. எனக்கு நின்ற இடத்தில் வேர்த்தது. கை தூக்க முடியாததால் பல மாதமாக அந்த அக்குளை நான் சரியாகத் தேய்த்துக் குளித்ததில்லை. சவரம் செய்ததும் இல்லை. அந்தப் பெண் என் கையை விலக்கிப் பிடித்தபோது எழுந்த நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அது முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அறை, நடுவில் பச்சைத் திரை. கட்டில் ரெக்சினில் முந்தைய ஆளின் முதுகு ஈரம் ஆறியிருக்காது. வெந்நீர்த் தொட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்த சூட்டுப் பையைத் துண்டில் சுற்றித் தோளில் வைப்பார்கள். அந்தத் துண்டில் எத்தனையோ பேரின் தைலமும் வேர்வையும் ஊறி, ஊறவைத்த தோல் போல ஒரு வாடை. பிறகு ஈரப் பஞ்சு வைத்துக் கரண்டு கொடுப்பார்கள், தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். அதற்கப்புறம் ஜெல் என்று ஒன்றைப் பிதுக்கித் தடவி, ஒரு உருண்டையை வைத்துச் சுற்றுவார்கள். ஜில்லென்று, கொழகொழவென்று, மூக்குச்சளி போலவே இருக்கும். அதைத் துடைத்துவிடுகிற துணியைப் பற்றி எழுதப்போவதில்லை.

டாக்டரம்மா வேலையில் கெட்டி. கட்டிலில் படுக்க வைத்து, என் கையை வாங்கித் தன் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, “வெயிட்ட என்கிட்டக் குடுங்க ஐயா, நீங்க தூக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லி மேலே ஏற்றும். ஒரு இடத்தில் தோள் பூட்டு மாதிரி நிற்கும். அங்கே வைத்து மெல்ல மெல்ல அழுத்தும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வலிக்குதா என்றால் இல்லை என்பேன். ஒரு சின்னப் பெண்ணிடம் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

முதல் நாளே, நான் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்ட பிறகு, அது எல்லாம் கேட்டது.

“தல சீவ முடியுதா?”

“முடியுதுங்க.”

“சட்டை போட முடியுதா?”

“போட்டுக்குவேன்.”

“கை பின்னாடி போகுதா? வீட்டுல எந்த வேலைக்கும் கஷ்டம் இல்லையே?”

“போகுதுங்க.”

“எங்க, காட்டுங்க.”

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். திரும்பி நின்று, இடது கட்டைவிரலை அரைஞாண் கயிற்றில் மாட்டினேன். வலது கையைச் சட்டைக்கடியில் விட்டு, மறுபக்கம் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு இடுப்பைச் சுற்றி நகர, அதோடு இடது கையும் பின்னால் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சட்டை மறைத்துக்கொண்டதால் அதற்குத் தெரியவில்லை.

“பரவால்லையே, பின்னாடி நல்லாப் போகுது. மேலதான் ஏறல” என்றது. அதனால் வைத்தியம் எல்லாம் மேல் நோக்கியே நடந்தது. சுவரில் விரலால் ஏறுகிற மர ஏணி, தலைக்கு மேல் கப்பியில் தொங்கும் கயிறு, சக்கரம். கொஞ்ச நாளில் கை காதுவரை ஏறியது. டாக்டரம்மா கைதட்டியது. மனைவி சந்தோஷப்பட்டாள். நான் காலையில் எழுந்ததும் வலது கையைப் பார்த்துக்கொண்டு வாளிப் பக்கம் போனேன். கையை மேலே தூக்கி நான் என்ன, ஓட்டா போடப்போகிறேன்?

அந்த நிலையத்துக்கு மீன் விற்கிற ஒரு அக்கா வந்துகொண்டிருந்தது. நல்ல உயரம், வாய் அதைவிட உயரம். அதற்கு வலது தோள். அது உள்ளே வந்தாலே கவிச்சியும் கூட வரும். கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டே, வந்தவர் போனவரையெல்லாம் வம்புக்கு இழுக்கும். நான் கண்டாலே திரைக்குப் பின்னால் போய்விடுவேன்.

வைகாசியில் ஒருநாள் டாக்டரம்மா மறுபடியும் எல்லாவற்றையும் சோதித்தது. “பின்னாடி காட்டுங்க ஐயா.” நான் வழக்கம்போலக் கயிற்றை மாட்டி இழுத்தேன். அன்றைக்கு நான் திரும்பி நின்ற பக்கம் கப்பியில் அந்த அக்கா இருந்ததைக் கவனிக்கவில்லை.

“ஏ டாக்டரம்மா, அந்தாளுக்குக் கையா போகுது? அரணாக்கயித்தப் புடிச்சுல்ல இழுக்குறாரு! கெணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி!”

பதறி வேகமாக இழுத்தேன். கயிறு அறுந்தது. கை விடுபட்டு முன்னால் வந்து விழுந்தது, தோளில் வெட்டியது போல ஒரு வலி. “ஆத்தா” என்று கத்திவிட்டேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரையை விலக்கிப் பார்த்தார்கள். அறுந்த கயிறு வேட்டிக்குக் கீழே தொங்கியது.

“என்னங்க ஐயா பண்றீங்க?” என்றது டாக்டரம்மா.

நான் அறுந்த கயிற்றை வேட்டிக்குள் செருகினேன். அந்த அக்காவே பதில் சொன்னது.

“அது என்னத்தச் சொல்லும்? கழுவ முடியலம்மா அந்தாளுக்கு. அம்புட்டுத்தேன். அத எப்படி ஒங்கிட்டச் சொல்லும்? ஏந்தம்பி, சரிதான?”

நான் தலையை ஆட்டினேனா என்று நினைவில்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. “மொதல்லயே சொல்லியிருந்தா மொதல்லயே இதப் பாத்திருப்பேனே” என்றது, கொஞ்சம் கோபமாக. பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து முழங்கையை மடக்கி, கையைக் கீழ்நோக்கி அழுத்தியது. இதுவரை பட்டது வலியே இல்லை என்று தெரிந்தது. வீட்டில் செய்வதற்குத் துண்டைக் கொடுத்துக் காட்டியது. துண்டை முதுகுப் பக்கம் தொங்கவிட்டு, வலது கை மேலே தோளுக்கு மேல் பிடிக்க வேண்டும். கீழே இடது கை பிடிக்க வேண்டும். மேல் கை இழுக்க இழுக்கக் கீழ்க் கை முதுகில் ஏற வேண்டும். செய்து காட்டுகிறேன் என்று சொல்லி என் சொந்தத் துண்டை எடுத்தேன். அவர்கள் துண்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

கீழே இறங்கினால் மருந்துக்கடைப் படியில் அந்த அக்கா உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது, இடது கையால். சட்னியில் தோய்த்து, விரலை நக்கி, யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தாண்டிப் போகப் பார்த்தேன். அதே கையால் ஒரு வடையை எடுத்து என் முன்னால் நீட்டியது.

“இந்தா, தின்னு. கோவிச்சுக்காத.”

சட்னி அதன் விரலில் வழிந்தது. நகத்துக்குள் மீன் செதிலோ என்னமோ மினுங்கியது.

“சுகர் இருக்குக்கா” என்றேன்.

“வடைக்கும் சுகருக்கும் என்னப்பா? எங்கையிதான் ஒனக்கு ஆகல. எனக்குச் சோத்துக்கையி வெளங்கல, பீச்சாங்கையால திங்கிறேன். வீட்டுல மருமக எம்பக்கத்துல உக்காரவே மாட்டா. ஒனக்குப் பீச்சாங்கையி வெளங்கல. நீ லட்டு புடிக்கிற ஆளாமே? நீ புடிச்ச லட்ட நான் திம்பேன்னு நெனைக்கிறியா?”

சொல்லிவிட்டு அந்த வடையைத் தன் வாயில் போட்டுக்கொண்டது. எனக்கு எரிச்சல், அவமானம், அருவருப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த அக்காவின் கையை நினைத்து அருவருத்தேன். என் கையை நினைத்து அதைவிட. பேருந்தில் கம்பியைப் பிடிக்காமலே ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆனி மாதம் மகளுக்கு வளைகாப்பு. கறம்பக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கட்டுச்சோறும் பலகாரமும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். மகள் போனில் சொன்னாள்.

“அப்பா, லட்டு நீங்கதான் புடிக்கணும். எங்க அப்பா புடிச்சா ஒடச்சாத்தான் ஒடையும், வாயில போட்டாக் கரையும்னு இங்க மாமியார்ட்டச் சொல்லி வச்சிருக்கேன்.”

“கை நோவுதே தாயி.”

“எடது கைதான நோவுது? கடைக்காரனுக்கெல்லாம் புடிக்கிறீங்க, எனக்குப் புடிக்க மாட்டீங்களா?”

கடைக்காரனுக்கும் பிடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற மகள் என் கையிலிருந்து தின்பாள். அன்றைக்கு நான் லட்டு பிடிக்கவில்லை என்றால், அவள் மாமியார் வீட்டில் தலைகுனிவாள். முதலாளியும் அந்த வேலையோடு என்னை மறுபடி அண்டாவில் உட்கார வைத்துவிடலாம் என்று காத்திருந்தார். இல்லையென்றால் வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

விழுந்து விழுந்து துண்டை இழுத்தேன். கதவுக்குப் பின்னால், கூடத்துக்குப் பின்னால், ஆள் இல்லாத இடமெல்லாம். கை இடுப்பெலும்பைத் தாண்டி முதுகுத்தண்டின் ஓரம் வரை வந்தது. இன்னும் நாலு விரல்கடை போதும். அந்த நாலு விரல்கடை வரவில்லை.

அப்போது நான் எடுத்த முடிவு எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. சாப்பிட்டால்தானே வெளிக்குப் போக வேண்டும்? லட்டு பிடிக்கிற நாளுக்கு முந்தின நாள் காலை வெளிக்குப் போய்விட்டு வந்து, குளித்து, வலது கையை மஞ்சள் போட்டுத் தேய்த்தேன். அதோடு வாயைக் கட்டினேன். மனைவியிடம் விரதம் என்றேன். எந்தச் சாமிக்கு என்று கேட்டாள். வாயில் வந்த சாமியைச் சொன்னேன். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தேன். சர்க்கரை மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாட்டை விடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். நான் ஒன்றை மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை அண்டா முன்னால் உட்கார்ந்தேன். பூந்தி சூடாக இருந்தது. நெய்யும் ஏலக்காயும் கிராம்பும் மூக்கில் ஏறின. முதல் லட்டு கையில் உருண்டபோது, கை தன் வேலையை மறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். முதலாளி தூரத்திலிருந்து பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். தாம்பாளம் நிறைந்தது. இரண்டாவது தாம்பாளத்தில் பாதியில் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது, மூக்கு நுனியில் வந்து நின்றது. அது அண்டாவில் விழக்கூடாதே என்று தலையைப் பின்னுக்கு இழுத்தேன். அவ்வளவுதான் நினைவு.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். கூட்டாளி என் நெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “சர்க்கர எறங்கிருச்சு, வாயத் தொற மாப்ள, தொறடா” என்று கத்தினான். என் தாடையைப் பிடித்து அமுக்கி, பாகு சொட்டும் பூந்தியை வாயில் திணித்தான். அவன் அப்போதுதான் புகையிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தான். கட்டைவிரலில் அந்தக் காவி அப்படியே இருந்தது. விரல் என் பல்லுக்கு உள்ளேயே வந்தது. புகையிலைக் கசப்பும் பாகு இனிப்பும் சேர்ந்து தொண்டையில் இறங்கியது. துப்ப முடியவில்லை, உடம்பு விடவில்லை. குழந்தை மாதிரி உறிஞ்சி விழுங்கினேன். இன்னும் கொடு என்று வாயைத் திறந்தேன். அவ்வளவு மாதம் ஒரு கையைப் பார்த்து முகம் சுளித்தவன், அந்தக் கையில் என்ன இருந்தது என்று கேட்காமல் நக்கித் தின்றேன். என் வாழ்நாளில் அதைவிட அசிங்கமாக நான் எதையும் தின்றதில்லை.

மனைவியை வரவழைத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து கஞ்சி கொடுத்துவிட்டு, “எந்தச் சாமிக்கு எந்த ஊர்ல இப்படி வெரதம்?” என்று உலுக்கினாள். சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

“ஊறுகா ஜாடிக்குள்ள கைய விட்டீகள்ல, சித்திரையில?”

“கழுவிட்டுத்தான்...”

“புளிப் பானை?”

ஊறுகாய் முழுவதையும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினாள். புளியைக் கொட்டினாள். உப்பைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘சீ’ போட்டாள். எல்லாம் முடித்துவிட்டு வந்து மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள்.

“நான் ஒருத்தி இருக்கேன்ல? தண்ணி ஊத்திக் கழுவி விட மாட்டேனா?”

“வேணாம்” என்றேன். அதை நினைக்கவே என்னால் முடியவில்லை.

சாயங்காலம் கூட்டாளி மிச்ச லட்டைப் பிடித்து எல்லாவற்றையும் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்தான். அதையும் குழியில் போட்டுவிடுவாள் என்று பார்த்தேன். அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“இது பட்டினி கெடந்து புடிச்சது. இதுக்கு ஒண்ணும் இல்ல” என்று மூடிவைத்தாள்.

வளைகாப்பில் மகள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்து லட்டை எடுத்துக் கடித்தாள். மாமியாரிடம், “நான் சொன்னேன்ல?” என்றாள். யார் பிடித்த லட்டு அது என்று எனக்குத் தெரியாது. என் நாக்கில் புகையிலைதான் கசந்தது. நான் எழுந்து பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

முதலாளி வேறு ஆளை வைக்கவில்லை. அதற்குப் பிறகு மனைவி சொன்ன யோசனைப்படி, முழங்கை நீளத்துக்குப் பிடிவைத்த மரக்கரண்டி மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு, அதில் துணியைச் சுற்றி இடது கையால் முடிந்தவரை சமாளித்தேன். அந்தத் துணிகளை எரிப்பதற்கென்று கொல்லையில் தனி இடம். அதுவும் அருவருப்புதான், ஆனால் வலது கைக்கு வேலை இல்லை. லட்டுக்கு உட்கார்ந்தேன். பிசியோதெரபிக்குத் தொடர்ந்து போனேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழகினேன். அந்த அக்கா ஆவணிக்குப் பிறகு வரவில்லை. கை சரியாகிவிட்டதாம்.

கார்த்திகையில் ஒரு காலை, இடது கை போக வேண்டிய இடத்துக்குப் போனது. தோளில் நறுக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். மகிழ்ச்சி என்று எழுத வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. வாளித் தண்ணீர் சில்லென்று இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, மத்தியானம் ஸ்பூனை ஒதுக்கிவைத்து ரசம் சோற்றைக் கையால் பிசைந்தேன். மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கவளம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாவது கவளமும் கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது. அவள் கொஞ்சம் அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தேன்.

இப்போதும் அண்டா முன்னால் உட்கார்ந்ததும் வலது கையை ஒருமுறை மூக்குக்குக் கொண்டுபோகிறேன். கூட்டாளி பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, மருதாணியா?” என்கிறான். நெய் வாசம்தான் அடிக்கிறது. ஆனாலும் முகர்ந்து பார்க்காமல் பிடிக்க முடியவில்லை.

எழுதி முடித்தது மாசி மாதம் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை.